நாம் எழுதும் கோடு (நிரல்) எங்கே மின்சாரத்தைத் தின்கிறது? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

நீங்கள் மென்பொருள் எழுதுகிறவர், உங்கள் வேலையால் சுற்றுச்சூழலுக்கு ஆகும் கெடுதலைக் குறைக்க வேண்டும் என்ற எண்ணம் இருக்கிறது, எங்கே தொடங்குவது என்றுதான் தெரியவில்லை என்றால் இது உங்களுக்காக. பொதுவான அறிவுரைகளை நானும் நிறையப் படித்தேன், அதனால் ஒன்றும் நடக்கவில்லை. விசிறி இரையும்போது, பில் எகிறும்போது, பேட்டரி இறங்கும்போது, அந்த நூலைப் பிடித்துக்கொண்டே போய்ப் பார்த்தபோதுதான் உருப்படியாக ஏதாவது குறைந்தது. அதனால் அறிகுறி வாரியாகவே எழுதுகிறேன். உங்களிடம் எது தெரிகிறதோ அந்தப் பகுதிக்கு நேராகப் போங்கள்.

அதற்கு முன் அளவு எவ்வளவு என்று தெரிந்துகொள்வது நல்லது. சர்வதேச எரிசக்தி முகமையின் கணக்குப்படி 2024இல் உலகத் தரவு மையங்கள் செலவழித்த மின்சாரம் சுமார் 415 டெராவாட் மணி, அதாவது 41,500 கோடி யூனிட், உலக மின்சாரத்தில் ஏறக்குறைய 1.5 சதவீதம். 2030இல் இது 945 டெராவாட் மணியைத் தொடலாம் என்று அதே முகமை சொல்கிறது. இந்தியாவில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சராசரியாக 0.7 கிலோ அளவுக்குக் கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது, காரணம் பெரும்பங்கு நிலக்கரி. 200 வாட் இழுக்கும் ஒரே ஒரு சர்வரை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதத்துக்கு 288 யூனிட், குளிரூட்டலுக்கு ஆகும் செலவு தனி. நம் வீட்டு மின்கணக்கும் இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதானே, பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வருடத்துக்கு 1,752 யூனிட், அதாவது 1.2 டன் கார்பன் டை ஆக்சைடு. அந்த சர்வர் ஒரு வேலையும் செய்யாமல் நின்றிருந்தால்கூட இதில் கணிசமான பங்கு போய்க்கொண்டேதான் இருக்கும்.

எல்லா அறிகுறிக்கும் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: யாருக்கும் தேவைப்படாத வேலையை எந்த எந்திரமாவது இப்போது செய்துகொண்டிருக்கிறதா?

கையில் என்ன வைத்துக்கொள்ள வேண்டும்

அளக்காமல் தொடங்காதீர்கள். லினக்ஸ் என்றால் பவர்டாப் என்ற கருவி ஒன்றே பல விஷயங்களைச் சொல்லிவிடும், ஓடும் நிரல்களில் எது விநாடிக்கு எத்தனை முறை சிபியுவை (கணினியின் மையச் செயலியை) எழுப்புகிறது என்பது உட்பட. இன்டெல் சிப்களில் 2011இல் வந்த சாண்டி பிரிட்ஜ் காலத்திலிருந்தே மின்செலவைக் காட்டும் ராப்ல் என்ற கணக்கி இருக்கிறது, பெர்ஃப் என்ற லினக்ஸ் கருவி மூலம் அதைப் படிக்கலாம். பைத்தான் நிரல்களின் மின்செலவை அளக்கக் கோட்கார்பன், பல எந்திரங்களில் செயலிகளை ஓட்டிப் பராமரிக்கும் கியூபர்னெட்டீஸுக்குக் கெப்ளர். கிளவுடில் (வாடகைக்கு எடுத்த சர்வர்களில்) இருப்பவர்களுக்கு ஆற்றல் நேரடியாகத் தெரியாது, அங்கே சிபியு நேரம், எந்திரம் ஓடிய மணிநேரம், பில் இந்த மூன்றையும் வைத்தே போகலாம். துல்லியம் குறைவுதான், ஆனால் எது பெரியது எது சிறியது என்பதைச் சரியாகக் காட்டிவிடும், நமக்கு அது போதும்.

கணக்கு முறை வேண்டும் என்றால் கிரீன் சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன் உருவாக்கி 2024இல் ஐஎஸ்ஓ தரமாக வந்த ஒரு சூத்திரம் இருக்கிறது. செலவான ஆற்றலை அந்த மின்சாரத்தின் கார்பன் அளவால் பெருக்கி, கருவியைத் தயாரிக்க ஆன கார்பனில் நம் பங்கைக் கூட்டி, அதை ஏதாவது ஒரு அலகால் வகுக்க வேண்டும். ஒரு பயனருக்கு, ஒரு ஆர்டருக்கு, ஒரு ஏபிஐ அழைப்புக்கு (ஒரு நிரல் இன்னொன்றிடம் கேட்கும் கோரிக்கைக்கு) என்று அலகை நாமே தேர்ந்தெடுக்கலாம். இந்த வகுத்தல் முக்கியம். பயனர்கள் கூடினால் மொத்தம் கூடத்தான் செய்யும், ஓர் ஆர்டருக்கு எவ்வளவு என்று பார்த்தால்தான் உங்கள் கோடு மேம்பட்டதா இல்லையா என்று தெரியும்.

அறிகுறி: ராத்திரி, ஞாயிறு, பண்டிகை நாள் எதுவானாலும் பயன்பாட்டு வரைபடம் ஏறாமல் இறங்காமல் ஒரே நேர்கோடாக ஓடுகிறது

இதிலிருந்து தொடங்குங்கள். பெரும்பாலான இடங்களில் மிகப் பெரிய மீன் இங்கேதான் மாட்டும்.

முன்பு நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் பொங்கலுக்கு ஐந்து நாள் விடுமுறை விட்டார்கள். திரும்பி வந்து கண்காணிப்புப் பலகையைப் பார்த்தால் ஸ்டேஜிங்கில் (வெளியிடும் முன் சோதித்துப் பார்க்கும் சூழலில்) இருந்த பதினோரு எந்திரங்களும் ஐந்து நாளும் விடாமல் ஓடியிருக்கின்றன. லாகை (எந்திரம் எழுதிவைக்கும் பதிவை) திறந்து பார்த்தேன். வந்த கோரிக்கைகள் அத்தனையும் ஹெல்த் செக். 'உயிரோடு இருக்கிறாயா' என்று ஒரு எந்திரம் கேட்க, 'இருக்கிறேன்' என்று இன்னொன்று பதில் சொல்லியபடி ஐந்து நாள் போயிருக்கிறது. அன்றைக்கு மனது கஷ்டமாகிவிட்டது, ஏனென்றால் அதில் நான்கை எழுப்பியதே நான்தான்.

இது அரிதான சங்கதி இல்லை. 2015இல் ஜொனாதன் கூமியும் ஜான் டெய்லரும் வெளியிட்ட ஆய்வில், அவர்கள் பார்த்த சர்வர்களில் ஏறக்குறைய 30 சதவீதம் ஆறு மாதமோ அதற்கு மேலோ உருப்படியான எந்த வேலையும் செய்யாமலேயே மின்சாரம் இழுத்துக்கொண்டிருந்தன.

சரிசெய்யும் விதம்: முதலில் ஒவ்வொரு எந்திரத்துக்கும் உரிமையாளர் பெயரும் காலாவதி தேதியும் டேக்காக ஒட்டுங்கள், இரண்டும் இல்லாமல் புதிய எந்திரம் எழவே கூடாது என்று விதி போட்டுவிடுங்கள். அடுத்து ஸ்டேஜிங், டெவலப்மென்ட் சூழல்களைக் காலை எட்டு மணிக்கு எழுப்பி இரவு எட்டுக்கு நிறுத்த ஒரு சின்ன ஷெட்யூல். வாரத்துக்கு மொத்தம் 168 மணி நேரம், அதில் ஐந்து நாள் பன்னிரண்டு மணி என்றால் 60. மீதி 108 மணி, கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு, ஒரு வரி கோடு மாற்றாமலே மிச்சம். ராத்திரி வேலை பார்க்கிறவர்களுக்கு ஒரு பொத்தான் கொடுங்கள், அழுத்தினால் மூன்று மணி நேரம் விழித்திருக்கட்டும். அந்தப் பொத்தான் இல்லாவிட்டால் இரண்டே வாரத்தில் யாராவது ஷெட்யூலையே தூக்கிவிடுவார்கள்.

யாருடையது என்றே தெரியாத எந்திரங்களை என்ன செய்வது? அழிக்காதீர்கள், நிறுத்துங்கள். நிறுத்திவிட்டு யாராவது கத்துகிறார்களா என்று காத்திருப்பதற்கு நம் தொழிலில் ஸ்க்ரீம் டெஸ்ட் என்றே பெயர். ஒரு வாரம் போதாது. மாதக் கடைசியில் மட்டும் ஓடும் சம்பளக் கணக்கு, ஜிஎஸ்டி அறிக்கை மாதிரி ஏதாவது அதில் ஒளிந்திருக்கலாம், எனவே குறைந்தது ஒரு மாதக் கடைசியாவது தாண்ட வேண்டும். அப்புறம் ஸ்னாப்ஷாட் (அப்போதைய நிலையின் நகல்) எடுத்து வைத்துவிட்டு எந்திரத்தை நீக்கலாம்.

எந்திரம் தேவைதான், ஆனால் சிபியு எப்போதும் எட்டு சதவீதம், பத்து சதவீதம் என்றே நிற்கிறது என்றால் அது வேறு நோய். கூகுளின் பரோசோவும் ஹோல்ஸ்லேயும் 2007இல் எழுதியது இன்றும் படிக்க வேண்டியது: சர்வர்கள் பெரும்பாலும் 10 முதல் 50 சதவீதப் பளுவில்தான் ஓடுகின்றன, சும்மா நிற்கும்போதே முழுப் பளுவில் இழுப்பதில் பாதி அளவு இழுக்கின்றன. இப்போதைய சர்வர்கள் இதில் தேறியிருக்கின்றன, ஆனாலும் காலியாக நிற்கும் எந்திரம் மலிவானது கிடையாது. அரைகுறையாக ஓடும் நான்கை ஒன்றாக்கி, நன்றாக ஓடும் ஒன்றில் அடைப்பது எப்போதும் லாபம்.

அறிகுறி: பயனர்கள் அதிகமில்லை, ஆனால் சிபியு எகிறி நிற்கிறது

உடனே 'பைத்தானை விட்டு ரஸ்டுக்குப் போவோம்' என்று யாராவது சொல்வார்கள். கொஞ்சம் பொறுங்கள். 2017இல் போர்ச்சுகல் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் அட்டவணை எல்லா இடத்திலும் சுற்றுகிறது: சி மொழியின் ஆற்றல் செலவை 1 என்று வைத்தால் ரஸ்ட் 1.03, ஜாவா 1.98, பைத்தான் 75.88. அதே அட்டவணையில் ஜாவாஸ்கிரிப்ட் 4.45, டைப்ஸ்கிரிப்ட் 21.50 என்று இருப்பதையும் கவனியுங்கள். டைப்ஸ்கிரிப்ட் கடைசியில் ஜாவாஸ்கிரிப்டாக மாறித்தானே ஓடுகிறது? அப்படியென்றால் அந்த வித்தியாசம் மொழியினுடையது இல்லை, சோதனைக்கு எழுதப்பட்ட நிரலினுடையது. கணக்கு மட்டுமே போடும் சூடான இடம் ஒன்று இருந்தால் அதை மட்டும் வேகமான மொழிக்கு மாற்றுவது நியாயம். சாதாரண வலைச் செயலியில் நேரம் போவது பெரும்பாலும் டேட்டாபேஸில்தான், செயலியை ரஸ்டில் எழுதினாலும் அதே குவெரிதான் (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்விதான்) ஓடும்.

எனவே இந்த வரிசையில் பாருங்கள். மெதுவான குவெரி லாகை இயக்கி, மொத்த நேரத்தின்படி அடுக்குங்கள். ஒரு முறைக்கு எவ்வளவு நேரம் என்பதைவிட, ஒரு முறைக்கு ஆகும் நேரத்தை எத்தனை முறை ஓடுகிறது என்பதோடு பெருக்கி வருவதுதான் முக்கியம். நான்கு விநாடி எடுக்கும் குவெரி நாளுக்கு இரண்டு முறை ஓடினால் விட்டுவிடலாம், 40 மில்லிவிநாடி எடுப்பது நாளுக்கு இருபது லட்சம் முறை ஓடினால் அதுதான் உங்கள் திருடன். குவெரி எப்படி ஓடுகிறது என்று காட்டும் எக்ஸ்ப்ளெய்ன் அனலைஸ் கட்டளையில் அதைப் போட்டு, அட்டவணை முழுவதையும் துழாவுகிறதா என்று பாருங்கள். துழாவினால் பெரும்பாலும் இன்டெக்ஸ் (தேடலை விரைவாக்கும் குறிப்புப் பட்டியல்) இல்லை. அடுத்து ஓஆர்எம் (நமக்காகக் குவெரியைத் தானே எழுதும் நூலகம்) செய்யும் பழைய தொல்லை: பட்டியலுக்கு ஒரு குவெரி, பட்டியலில் உள்ள ஒவ்வொன்றுக்கும் இன்னொரு குவெரி. ஐம்பது பொருளைக் காட்ட ஐம்பத்தொரு குவெரி போகும். இரண்டு அட்டவணைகளை இணைக்கும் ஒரே ஜாயினில் முடியும் வேலை.

அடுத்த சந்தேகம் போலிங். 'புதிதாக ஏதாவது வந்ததா' என்று ஒரு செயலி 30 விநாடிக்கு ஒருமுறை கேட்டால் நாளுக்கு 2,880 முறை. ஒரு லட்சம் பேர் வைத்திருந்தால் நாளுக்கு 28.8 கோடி கேள்விகள், பெரும்பாலானவற்றுக்குப் பதில் 'இல்லை'. புதிது வந்தால் சர்வரே சொல்லும் புஷ் அறிவிப்போ வெப்சாக்கெட்டோ வைத்தால் இதெல்லாம் போய்விடும். அதற்கு இப்போது நேரமில்லை என்றால், திரை மூடியிருக்கும்போது கேட்பதை நிறுத்துங்கள், பதில் 'இல்லை' என்றே வந்துகொண்டிருந்தால் இடைவெளியைப் படிப்படியாகக் கூட்டுங்கள். ரீட்ரைக்கும் (தோற்ற கோரிக்கையை மறுபடி அனுப்புவதற்கும்) இதே சிகிச்சைதான். விழுந்துபோன சர்வரை இடைவெளி இல்லாமல் தட்டிக்கொண்டே இருக்கும் ரீட்ரை லூப்பை நான் இரண்டு இடங்களில் பார்த்திருக்கிறேன், இரண்டிலும் அது மாதக்கணக்காக ஓடியிருந்தது, யாருக்கும் தெரியவில்லை.

அறிகுறி: எழுத்துப்பிழை திருத்தினாலும் பில்ட் (கோடைத் தொகுத்துச் சோதிக்கும் ஓட்டம்) நாற்பது நிமிடம் ஓடுகிறது

ரீட்மீ என்ற விளக்கக் கோப்பில் ஒரு துணைக்காலைச் சேர்த்து புஷ் செய்ததற்கு (மாற்றத்தைப் பொதுக் களஞ்சியத்துக்கு அனுப்பியதற்கு), மூன்று இயங்குதளம், நான்கு பதிப்பு என்று பன்னிரண்டு எந்திரங்கள் எழுந்து முழு டெஸ்டையும் ஓட்டுகின்றன. இந்தச் சோதனைகளைத் தானாக ஓட்டும் கிட்ஹப் ஆக்ஷன்ஸ், கிட்லேப் இரண்டிலும் கோப்புப் பாதை வடிகட்டி இருக்கிறது, ஆவணம் மட்டும் மாறினால் டெஸ்ட் ஓட வேண்டாம் என்று சொல்லிவிடலாம். அதே ப்ராஞ்சில் (கோடின் அதே கிளையில்) புதிய புஷ் வந்தால் பழைய ஓட்டத்தை ரத்து செய்யவும் ஓர் அமைப்பு உண்டு, இரண்டு வரிதான், ஆனால் பலரும் போடுவதில்லை. அவசரமாக மூன்று முறை புஷ் செய்கிற நாள்களில் முதல் இரண்டு ஓட்டங்களின் முடிவை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

உங்கள் கோடு நம்பியிருக்கும் நூலகங்களை (டிபென்டன்சிகளை) ஒவ்வொரு முறையும் இணையத்திலிருந்து இறக்காமல் கேச் செய்யுங்கள், அதாவது ஒருமுறை இறக்கியதைச் சேமித்து மறுபடி பயன்படுத்துங்கள். செயலியைப் பொதியாகக் கட்டும் படிகளை எழுதும் டாக்கர்ஃபைலில் அடிக்கடி மாறும் கோடை நகலெடுக்கும் வரி கடைசிக்கு அருகில் வரட்டும், மேலே உள்ள லேயர்கள் அப்போதுதான் கேச்சிலிருந்து கிடைக்கும். புல் ரிக்வெஸ்டுக்கு (மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கைக்கு) ஒரே ஒரு இயங்குதளத்தில் ஓட்டிவிட்டு, பன்னிரண்டையும் மெயின் ப்ராஞ்சில் சேர்க்கும் முன் ஓட்டினால் போதும். ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள்: மின்சாரம் மிச்சம் என்று டெஸ்டுகளையே குறைத்துவிடாதீர்கள். பிழையோடு வெளியே போன ஒரு பதிப்பைத் திரும்ப எடுத்து, எல்லாப் பயனர் கையிலும் மறுபடி இறக்கவைப்பது அதைவிடப் பெரிய விரயம்.

அறிகுறி: சேமிப்புக்கான பில் மாதாமாதம் ஏறுகிறது

சேமித்து வைத்த தரவு இழுக்கும் மின்சாரம், ஓடும் சிபியுவோடு ஒப்பிட்டால் குறைவு, எனவே இதற்கு ஒரு மதிய நேரத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். லாக்குகளுக்குக் காலாவதி வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். அமேசானின் கிளவுட்வாட்ச் லாக்குகள் இயல்பு அமைப்பில் காலாவதியே ஆவதில்லை. புரொடக்ஷனில் (பயனர்கள் நிஜமாகப் பயன்படுத்தும் இடத்தில்) எல்லாவற்றையும் எழுதும் டீபக் அளவு லாக் ஓடினால் அதைக் குறைவாக எழுதும் இன்ஃபோவுக்கு ஏற்றுங்கள், இதில் சேமிப்பு மட்டுமல்ல, அந்த லாக்கை எழுதி அனுப்பி இன்டெக்ஸ் செய்யும் சிபியுவும் மிச்சமாகும். எந்த எந்திரத்தோடும் சேராமல் கிடக்கும் டிஸ்க்குகள், துண்டு துண்டாக ஏற்றும்போது பாதியில் நின்ற (மல்டிபார்ட்) பதிவேற்றங்கள், மூன்று வருடப் பழைய ஸ்னாப்ஷாட்டுகள் மூன்றையும் லைஃப்சைக்கிள் விதி போட்டு நீக்குங்கள். மின்னஞ்சல்களை அழித்து பூமியைக் காப்பாற்றச் சொல்லும் அறிவுரையை மட்டும் விட்டுவிடலாம், உட்கார்ந்து அழிக்கும் அந்த ஒரு மணி நேரத்துக்கு உங்கள் கணினி இழுக்கும் மின்சாரமே பெரிதாக இருக்கும்.

அறிகுறி: நம் பக்கத்தைத் திறந்தால் போன் சூடாகிறது, பேட்டரி சட்டென்று இறங்குகிறது

இந்த மின்சாரம் உங்கள் பில்லில் வராது. பயனர் வீட்டுச் சுவரிலிருந்து போகிறது, அதனால்தான் எளிதில் மறந்துபோகிறோம்.

முகப்பில் 4 எம்.பி. படம் இருக்கிறது, அதைப் பார்ப்பவரின் திரையகலம் 360 பிக்சல். ஐம்பதாயிரம் பேர் பார்த்தால் 200 ஜி.பி. தேவையான அளவுக்குச் சுருக்கி வெப்பீ அல்லது ஏவிஃப் வடிவில் கொடுத்தால் நூறு கே.பி.க்குள் அடங்கும். இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். 'ஒரு ஜி.பி.க்கு இத்தனை கிராம் கார்பன்' என்று காட்டும் தளங்கள் இருக்கின்றன, அந்த எண்ணை அப்படியே நம்பாதீர்கள். டவர்களும் ரவுட்டர்களும் தரவு போனாலும் போகாவிட்டாலும் பெரும்பாலும் அதே மின்சாரத்தை இழுக்கின்றன, பாதித் தரவைக் குறைத்தால் பாதி மின்சாரம் குறையாது. உங்களுடைய பழைய பதிப்பையும் புதிய பதிப்பையும் ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

உண்மையான விரயம் ஜாவாஸ்கிரிப்டில் இருக்கிறது. படத்தை ஒருமுறை விரித்தால் முடிந்தது. ஜாவாஸ்கிரிப்டை இறக்கி, பிரித்துப் படித்து, தொகுத்து, ஓட்டவேண்டும், மலிவான போனின் சிபியு இதில்தான் திணறுகிறது. குரோமின் டெவ்டூல்ஸில் கவரேஜ் என்ற பலகையைத் திறந்து பாருங்கள், இறக்கிய கோடில் எவ்வளவு ஓடவே இல்லை என்று சிவப்பில் காட்டும். தேதியை வடிவமைக்க ஒரு முழு நூலகம், ஒரே ஒரு சறுக்குப் படத்துக்கு இன்னொன்று, எப்போதோ விளம்பரப் பிரிவு கேட்டதால் போட்ட மூன்று டிராக்கர்கள் (பயனரைப் பின்தொடரும் நிரல்கள்). டிராக்கர்களை எடுப்பதற்குக் கூட்டம் போட வேண்டியிருக்கும், போடுங்கள், அந்த மூன்றின் அறிக்கையையும் கடைசியாக யார் எப்போது பார்த்தார்கள் என்று அங்கேயே கேளுங்கள்.

தமிழ்த் தளம் நடத்துகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. வடிவமைப்பாளர் ஆசைப்பட்டார் என்று தமிழ் எழுத்துருவை ஐந்து தடிப்புகளில் ஏற்றிவிடுகிறோம், ஒவ்வொரு கோப்பிலும் தமிழோடு லத்தீன், சில சமயம் வேறு எழுத்துகளும் சேர்ந்து வருகின்றன. தேவையான எழுத்துகளை மட்டும் வைத்து (சப்செட் செய்து), வொஃப்2 என்ற சுருக்கிய வடிவில், எந்த எழுத்துகளுக்கு என்று யூனிகோட் வரம்பு குறிப்பிட்டு, இரண்டு தடிப்போடு நிறுத்துங்கள். ஆண்ட்ராய்டு போன்களில் தமிழ் எழுத்துரு ஏற்கனவே இருக்கிறது, உடல் எழுத்துக்கு அதையே விட்டுவிட்டுத் தலைப்புக்கு மட்டும் உங்கள் எழுத்துருவை வைத்தாலும் பக்கம் அழகாகத்தான் இருக்கும்.

செயலி என்றால் ரேடியோவைக் கவனியுங்கள். மொபைல் நெட்வொர்க்கில் ஒரு சிறு கோரிக்கை போனாலும், அது முடிந்த பின் ரேடியோ உடனே தூங்காது, 4ஜியில் பத்து விநாடி அளவுக்கு விழித்தே கிடக்கும். நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு கே.பி. அனுப்பும் அனலிடிக்ஸ் (பயன்பாட்டுக் கணக்கு), பேட்டரியை எப்படித் தின்கிறது என்று இப்போது புரியும். சேர்த்து வைத்து ஒரே தடவையில் அனுப்புங்கள். அவசரமில்லாத ஒத்திசைவை ஆண்ட்ராய்டின் ஒர்க்மேனேஜரிடம் கொடுத்து, சார்ஜில் இருக்கும்போது, வைஃபையில் இருக்கும்போது மட்டும் ஓடு என்று நிபந்தனை போடுங்கள்.

டார்க் மோட் பற்றி எல்லோரும் கேட்பதால்: ஓஎல்இடி திரையில் மட்டும்தான் பலன். பர்ட்யூ பல்கலைக்கழகம் 2021இல் அளந்தபோது, முழு வெளிச்சத்தில் 39 முதல் 47 சதவீதம் மிச்சம், ஆனால் சாதாரணமாக நாம் வைக்கும் 30, 50 சதவீத வெளிச்சத்தில் 3 முதல் 9 சதவீதம்தான். வைப்பது நல்லது, ஆனால் அதோடு வேலை முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள்.

அறிகுறி: 'இந்தச் செயலி உங்கள் போனில் இயங்காது'

இந்தப் பட்டியலில் எனக்கு மிகவும் வலிக்கும் அறிகுறி இதுதான். என் அம்மாவின் போன் நான்கு வருடப் பழையது, பேசலாம், படம் பார்க்கலாம், உடைசல் எதுவும் இல்லை. ஒருநாள் அவர் தினமும் பயன்படுத்தும் ஒரு செயலி புதுப்பிப்பு கேட்டது, புதுப்பித்ததும் திறக்க அரை நிமிடம் எடுத்தது, அடுத்த புதுப்பிப்பில் இந்தப் போனுக்கு ஆதரவு இல்லை என்று சொல்லிவிட்டது. 'போன் கெட்டுப்போச்சுப்பா' என்றார். போன் கெடவில்லை, எங்கோ ஒருவர் குறைந்தபட்ச பதிப்பு எண்ணை ஏற்றியிருக்கிறார்.

போனைப் பொறுத்தவரை, ஓட்டும் மின்சாரத்தைவிடத் தயாரிப்பில் ஆகும் பாதிப்பே பெரிது. ஆப்பிள் தன் ஐபோன்களுக்கு வெளியிடும் அறிக்கைகளில், வாழ்நாள் கார்பனில் ஏறக்குறைய 80 சதவீதம் தயாரிப்பில் வருவதாகவே காட்டுகிறது. இன்னொரு பக்கம், 2022இல் உலகம் கொட்டிய மின்னணுக் கழிவு 6.2 கோடி டன், அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சிக்குப் போனதாகப் பதிவானது 22.3 சதவீதம் மட்டுமே. ஒரு போனின் வாழ்வை ஒரு வருடம் நீட்டுவது, அதில் ஓடும் உங்கள் செயலியின் ஆற்றலைப் பாதியாக்குவதைவிடப் பெரிய காரியம்.

ஆக, குறைந்தபட்ச ஆண்ட்ராய்டு பதிப்பை ஏற்றும் முன், எத்தனை பேர் வெளியே தள்ளப்படுகிறார்கள் என்பதைச் சதவீதமாக எழுதாதீர்கள், ஆள் எண்ணிக்கையாக எழுதி அணியின் முன் வையுங்கள். 'வெறும் இரண்டு சதவீதம்' என்பது ஐம்பது லட்சம் பயனர் உள்ள செயலியில் ஒரு லட்சம் பேர். புதிய வசதி பழைய போனில் வேலை செய்யாவிட்டால் அந்த வசதியை மட்டும் மறையுங்கள், செயலியையே மூடாதீர்கள். பழைய பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தங்களையாவது தொடர்ந்து கொடுங்கள். மேசையில் 3 ஜி.பி. ராம் உள்ள பழைய போன் ஒன்று எப்போதும் கிடக்கட்டும், ரிலீஸுக்கு முன் அதில் திறந்து பார்ப்பது பட்டியலில் ஒரு கட்டாய வரியாக இருக்கட்டும்.

இலவச மென்பொருள் உருவாக்கும் கேடிஈ குழுவின் ஒகுலர் என்ற ஆவண வாசிப்பான் 2022இல் ஜெர்மனியின் புளூ ஏஞ்சல் சுற்றுச்சூழல் முத்திரை பெற்றது, அந்த முத்திரையைப் பெற்ற முதல் மென்பொருள் அது. அந்த முத்திரைக்கான நிபந்தனைகளில் ஒன்று, குறைந்தது ஐந்து வருடப் பழைய கணினியில் மென்பொருள் ஓட வேண்டும் என்பது. நம் அணிகளும் அப்படியே எடுத்துக்கொள்ளக்கூடிய விதி இது.

அறிகுறி: ஏஐ ஏபிஐ பில் வசதியைவிட வேகமாக வளர்கிறது

ஒரு கேள்விக்கு ஆகும் செலவு சிறிதுதான். ஜெமினியில் சராசரியான ஓர் எழுத்துக் கேள்விக்கு 0.24 வாட் மணி என்று கூகுள் 2025 ஆகஸ்டில் சொன்னது. தொல்லை எண்ணிக்கையில் இருக்கிறது. ஏஜென்ட் லூப்பில் (ஏஐ தானே படிப்படியாக வேலை செய்யும் சுழற்சியில்) ஒரு பயனர் கேட்ட ஒரு கேள்வி ஐம்பது அழைப்பாக மாறும், ஒவ்வொன்றிலும் முழு உரையாடலும் திரும்பத் திரும்பப் போகும்.

முதலில் இந்த வேலைக்குப் பெரிய மாடல் வேண்டுமா என்று பாருங்கள். வாடிக்கையாளர் புகார் எந்தப் பிரிவைச் சேர்ந்தது என்று பிரிக்க, அதற்கென்றே பயிற்றுவித்த சின்ன மாடல் போதும். ஏஐ ஆய்வாளர் லூச்சியோனியின் குழுவினர் 2023இல் அளந்தபோது, ஆயிரம் முறை எழுத்தை வகைப்படுத்த 0.002 யூனிட், ஆயிரம் முறை எழுத்தை உருவாக்க 0.047 யூனிட், ஆயிரம் படம் உருவாக்க சுமார் 2.9 யூனிட் ஆனது. அழகுக்காக ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு படம் தானாக உருவாக்கும் வசதியை யாராவது கேட்டால் இந்த மூன்று எண்ணையும் காட்டுங்கள்.

தமிழில் வேலை செய்கிறவர்களுக்குச் சுமை இன்னும் கூடுதல். யூடிஎஃப்-8இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட், 'தமிழ்' என்று எழுதினால் ஐந்து குறி, பதினைந்து பைட். பல மாடல்களில் உரையைத் துண்டுகளாக்கும் டோக்கனைசர்கள் தமிழை ஆங்கிலத்தைவிடப் பல மடங்கு துண்டுகளாக உடைக்கின்றன, துண்டு கூடினால் கணக்கும் கூடும். மாடலைத் தேர்ந்தெடுக்கும் முன் உங்கள் பத்துப் பக்கத் தமிழ் உரையை ஒவ்வொன்றின் டோக்கனைசரிலும் போட்டு எண்ணிப் பாருங்கள், வித்தியாசம் பெரிதாகவே இருக்கும். அப்புறம், திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்குப் பதிலைக் கேச் செய்யுங்கள், ஏஜென்டுக்கு அதிகபட்சப் படி எண்ணிக்கை வையுங்கள்.

அறிகுறி: கனமான வேலையெல்லாம் நள்ளிரவில் ஓடுகிறது

இதை அறிகுறி என்றே பலரும் நினைப்பதில்லை. ராத்திரி சர்வர் காலியாக இருக்கும், அப்போது ஓட்டுவோம் என்பது பழக்கம். ஆனால் இந்திய மின்கட்டமைப்பில் சூரிய மின்சாரம் பகலில்தான் வருகிறது, பொழுது சாய்ந்ததும் நிலக்கரியின் பங்கு ஏறுகிறது. 2023இல் திருத்திய மின் நுகர்வோர் உரிமை விதிகள், சூரிய ஒளி நேரக் கட்டணத்தை வழக்கமானதைவிடக் குறைவாக வைக்கச் சொல்வதே இதனால்தான். அறிக்கை தயாரிப்பு, மாடல் பயிற்சி, வீடியோ மாற்றம் மாதிரி அவசரமில்லாத வேலைகளை மதியம் பன்னிரண்டு, ஒரு மணிக்கு நகர்த்துங்கள், அந்நேரம் உங்கள் எந்திரங்களில் இடம் இருந்தால். பயனர் நெரிசலில் அதற்கென்று புதிய எந்திரம் எழுப்ப வேண்டி வந்தால் பலன் போய்விடும். சர்வர் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், நம் மதியம் பன்னிரண்டு அங்கே காலை ஆறரை. இதையே கூகுள் தன் தரவு மையங்களில் 2020 முதல் தானாக நடக்க வைத்திருக்கிறது.

வெளிநாட்டுத் தரவு மையத்துக்கு (ரீஜனுக்கு) மாற்றலாமா என்றால், பிரான்ஸ், ஸ்வீடன் போன்ற இடங்களில் ஒரு யூனிட்டின் கார்பன் நம்முடையதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. பயனர் காத்திருக்காத, தனிநபர் தரவு இல்லாத வேலை என்றால் தாராளமாக மாற்றலாம்.

அறிகுறி: எல்லாம் சரிசெய்தாயிற்று, ஆனால் பில் அசையவே இல்லை

இது எனக்கு நடந்தது. குவெரிகளைச் சீராக்கி சிபியுவைப் பாதிக்கும் கீழே கொண்டுவந்தோம், மாதக் கடைசியில் பில் அதே தொகை. காரணம் எளிது, கோடு இளைத்தது, எந்திரம் இளைக்கவில்லை. கியூபர்னெட்டீஸில் ஒவ்வொரு பாடும் (செயலி ஓடும் சிறு அலகும்) எவ்வளவு சிபியு கேட்கிறது என்று எழுதியிருப்போமே, அந்த ரிக்வெஸ்ட் எண் பழையபடியே இருந்தது. உண்மையில் கால்வாசிதான் பயன்படுகிறது, ஆனால் இடம் முழுவதும் பிடித்து வைக்கப்பட்டிருப்பதால் தேவைக்கேற்ப எந்திரங்களைக் கூட்டிக் குறைக்கும் ஆட்டோஸ்கேலரால் ஒரு நோடைக்கூட (எந்திரத்தைக்கூட) இறக்க முடியவில்லை.

இரண்டு வார உச்சப் பயன்பாட்டைப் பார்த்து, அதற்கு மேல் கொஞ்சம் இடம் விட்டு ரிக்வெஸ்டைக் குறையுங்கள். ஆட்டோஸ்கேலரின் குறைந்தபட்ச எண்ணிக்கையைப் பாருங்கள், எப்போதோ ஒரு தீபாவளி விற்பனைக்கு ஆறு என்று வைத்தது அப்படியே கிடக்கலாம். மெய்நிகர் எந்திரம் என்றால் அளவை ஒரு படி இறக்குங்கள். வருடக் கணக்கில் முன்பணம் கட்டி எடுத்த எந்திரம் என்றால் ஒப்பந்தம் முடியும் தேதியை இப்போதே நாள்காட்டியில் குறித்து, அதற்கு ஒரு மாதம் முன்பே புதிய அளவைக் கணக்கிட்டு வையுங்கள், இல்லாவிட்டால் பழைய அளவிலேயே புதுப்பித்துவிடுவார்கள். இதையெல்லாம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் செய்யாதீர்கள். செவ்வாயோ புதனோ காலையில் மாற்றிவிட்டு, அடுத்த திங்கள் காலை நெரிசல் நேரத்தில் நோட் எண்ணிக்கையையும் பதில் வேகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.